தூக்கிப் போடும் முன் பாய் கடைக்கு ஒரு நடை

வேலூரில் குடியிருக்கிறவர்கள் மிக்சியோ குக்கரோ மக்கர் செய்தால், புதியது வாங்கப் புறப்படுவதற்கு முன் போக வேண்டிய கடை ஒன்று இருக்கிறது. லாங்கு பஜாரிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில், பாத்திரக் கடைக்கும் பூட்டுச் சாவி செய்பவருக்கும் நடுவில், இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய அளவுக்குச் சின்னக் கடை. பெயர்ப் பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியவில்லை. எல்லோரும் பாய் கடை என்றுதான் சொல்கிறோம். பெயரையும் செல்பேசி எண்ணையும் எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். அவரும் ஒரு பையனும் மட்டும்தான் வேலை பார்க்கிறார்கள். கையில் இருப்பதை முடிக்கவே பொழுது சரியாக இருக்கிறது என்றார். பழைய பஸ் நிலையத்தில் இறங்கி லாங்கு பஜாருக்குள் நுழைந்து, மிக்சி ரிப்பேர் பாய் கடை எங்கே என்று எந்தக் காய்கறிக்காரரைக் கேட்டாலும் கை காட்டுவார்.

நான் அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவர். கொசப்பேட்டை, சலவன்பேட்டை, கஸ்பா பக்கத்து வீடுகளில் மாதந்தோறும் ஆர்.டி. (தொடர் வைப்பு) பணம் வாங்கி அஞ்சலகத்தில் கட்டுகிறேன். பூக் கட்டுகிறவர், ஷூ கம்பெனிக்குப் போகிறவர், பீடி சுற்றுகிறவர், லாட்ஜில் விரிப்பு துவைக்கிறவர் என்று என்னிடம் பணம் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். மாதம் 500 ரூபாய் வீதம் 5 ஆண்டுகள் விடாமல் கட்டினால், 6.7 சதவீத வட்டிக் கணக்கில் முடிவில் 35,000 ரூபாய்க்குச் சற்று மேலே கையில் வரும். அந்த 5 ஆண்டுகளை விடாமல் கடப்பதுதான் பாடு. தவறிய தவணைக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம் என்பது பெரிய தொகை இல்லை. ஒரு மாதம் விட்டவர் அடுத்த மாதமும் விடுகிறாரே, அதுதான் பெரிது.

எந்த வீட்டில் எதனால் தவணை நிற்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணம், காதுகுத்து, மருத்துவச் செலவு என்று வந்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு அடுத்தபடியாக நான் அதிகம் கேட்கிற காரணம் இது: "மிக்சி போய்விட்டது அக்கா, தவணையில் புதிதாக எடுத்துவிட்டோம். இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்." மின்விசிறி, கிரைண்டர், குக்கர் என்று பொருள் மாறுமே தவிரப் பேச்சு மாறாது. சிக்கனம் என்றாலே உப்பிலும் புளியிலும் கைபிடிப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 4,000 ரூபாய் மிக்சியை 150 ரூபாய் செலவில் இன்னும் சில ஆண்டுகள் ஓட வைத்தால் மிச்சமாகிற பணம், வருடம் முழுக்கக் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசினாலும் மிச்சமாகாது. அந்த அம்மாவின் வயிற்றில் அடிக்கவும் வேண்டாம்.

கஸ்பாவில் ஒரு வீட்டில் ஆடி மாதம் இதே பேச்சு வந்தது. அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீடு. வடைக்கு உளுந்தைக் கெட்டியாக அரைத்துக்கொண்டிருக்கும்போது மிக்சி நின்றுவிட்டதாம். சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை. அந்தப் பெண் ஆடித் தள்ளுபடி விளம்பரத் தாளை மடித்துக் கையிலேயே வைத்திருந்தார். ஒரு நாள் பொறுங்கள் என்று சொல்லி மிக்சியைத் துணிப்பையில் போட்டு வாங்கிக்கொண்டு பாயிடம் போனேன். அவர் அதைப் பிரிக்கவே இல்லை. தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பாகத்தில் சுண்டைக்காய் அளவில் இருந்த சிவப்புப் பொத்தானைக் கட்டை விரலால் அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம். நிமிர்த்திச் சுவிட்சைப் போட்டார், ஓடியது.

"மோட்டார் தாங்காத அளவுக்குச் சுமை ஏறினால் கரண்டைத் தானாகவே நிறுத்திக்கொள்வதற்கு இதை வைத்திருக்கிறார்கள் அம்மா. மிக்சி கெடவில்லை, தப்பித்துக்கொண்டது. சூடு ஆறட்டும், பிறகு இந்தப் பொத்தானை அழுத்தினால் போதும்" என்றார். பணம் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். இப்போது ஆர்.டி. அட்டையில் கையெழுத்துப் போடுகிற வீடுகளில் எல்லாம் மிக்சியைக் கவிழ்த்துக் காட்டி, இந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். அழுத்திய பிறகும் ஓடவில்லை என்றால் அதற்கப்புறம் பாய் கடை.

இந்தக் கடையை நான் நம்புவதற்குக் காரணம் விலை குறைவு என்பது மட்டும் இல்லை. பொருளை நம் கண் எதிரிலேயே பிரிக்கிறார். எது தேய்ந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுகிறார். என்ன செலவாகும் என்று சொல்லி, நாம் சரி என்ற பிறகுதான் கை வைக்கிறார். கழற்றிய பழைய பாகத்தைச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு நம்மிடமே கொடுத்துவிடுகிறார். அதை வைத்து நாம் என்ன செய்யப் போகிறோம் என்று கேட்கலாம். மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது.

மிக்சியில் அடிக்கடி போவது கப்ளர். ஜாரையும் மோட்டாரையும் இணைக்கிற பல் சக்கரம். மஞ்சள் கிழங்கையோ காய்ந்த தேங்காயையோ போட்டு ஜார் இறுகிக்கொண்டால் முதலில் இதன் பல்தான் உடையும். உடையட்டும் என்றே மெத்தென்று செய்திருக்கிறார்கள், அது உடைந்தால் மோட்டார் பிழைக்கும் என்கிறார் பாய். மிக்சி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டு பிளேடு சுற்றவில்லை என்றால் இதுதான் கோளாறு. எனக்கு 40 ரூபாய் ஆனது. மாற்றுகிற நேரத்துக்குள் பக்கத்துக் கடையில் டீ கூட முழுதாகக் குடிக்க முடியாது.

ஜார் விஷயம் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியது. சட்னியில் கறுப்பாகக் கோடு கோடாகத் தெரிகிறதா? ஜாரைத் தூக்கினால் அடியில் ஈரம் கசிந்திருக்கிறதா? பல வீடுகளில் அதைப் பார்த்த உடனே புது ஜார் வாங்குகிறார்கள், அல்லது பழைய மிக்சிக்கு ஜார் கிடைக்காது என்று மிக்சியையே மாற்றுகிறார்கள். என் சின்ன ஜாருக்கு இந்த நிலை வந்தபோது பாய் பிளேடைத் திருகிக் கழற்றி, நடுத் தண்டை விரலால் இப்படியும் அப்படியும் அசைத்துக் காட்டினார். தளதளவென்று ஆடியது. "இது சுற்றத்தான் வேண்டும், ஆடக் கூடாது" என்றார். தண்டைப் பிடித்திருக்கிற புஷ் தேய்ந்து, அதன் மேல் உள்ள ரப்பர் சீல் விறைத்துப் போயிருந்தது. அந்த இடைவெளியில் தண்ணீர் கீழே இறங்குகிறது, கிரீஸ் மேலே ஏறிச் சட்னியில் கலக்கிறது. கீழே இறங்குகிற தண்ணீர் மோட்டாருக்குள் போனால் கதை முடிந்தது. புஷ், சீல் இரண்டையும் மாற்றி, தண்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, தண்ணீர் நிரப்பிப் பழைய செய்தித்தாளின் மேல் கால் மணி நேரம் வைத்தார். தாள் நனையவில்லை என்று காட்டிய பிறகுதான் 150 ரூபாய் வாங்கினார். அந்தத் தாள் சோதனையை வீட்டிலேயே யாரும் செய்து பார்க்கலாம். ராத்திரி ஜாரில் தண்ணீர் ஊற்றித் தாள் மேல் வைத்துவிட்டுப் படுங்கள், காலையில் தெரிந்துவிடும்.

அரைத்த உடனே பாதி அளவு தண்ணீர் ஊற்றி நாலு விநாடி ஓடவிட்டுக் கழுவி, கவிழ்த்து வைக்கச் சொல்கிறார். ஊறப் போட்டால் சீல் சீக்கிரம் போய்விடுமாம். பாதி ஜாருக்கு மேல் நிரப்பக் கூடாது, தொடர்ந்து ஓட்டாமல் விட்டு விட்டு ஓட்ட வேண்டும். மஞ்சள், சுக்கு, மிளகாய்த்தூள் எல்லாம் மாவு மில்லுக்கு. மில்லில் கொடுக்கிற கூலி மிக்சியின் ஆயுளுக்குக் கட்டுகிற தவணை என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது குக்கர். எரிவாயு சிலிண்டர் சீக்கிரம் தீர்கிறது என்று புலம்புகிற வீட்டில் நான் முதலில் கேட்பது, குக்கரின் ஓரத்தில் ஆவி வருகிறதா என்றுதான். 14.2 கிலோ சிலிண்டரில் எவ்வளவு அந்த ஓரத்து வழியாகவே போகிறது என்று யாரும் நினைப்பதில்லை. கேஸ்கட் விறைத்துப் போனால் அழுத்தம் ஏறவே நேரமாகும், பருப்பு வேகாது, இன்னும் நாலு விசில் விடுவோம். பாய் கேஸ்கட்டை எடுத்து எட்டு போல மடக்கிப் பார்க்கிறார். விட்டதும் பழைய வட்டத்துக்கு வந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். மடித்த இடத்தில் நூல் நூலாக விரிசல் தெரிந்தால் புதியது. எந்தக் கம்பெனி குக்கரோ அந்தக் கம்பெனி கேஸ்கட்டும் வெயிட்டும்தான் போட வேண்டும் என்பதில் கறாராக இருக்கிறார். அளவு ஒன்றாக இருக்கிறதே என்று வேறு கம்பெனி வெயிட்டைப் போட்டுக் கொண்டு வந்த ஒருவரிடம், உங்கள் வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று கேட்டு, அதைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டார். குக்கரில் தண்ணீர் வற்றினால் உருகி ஆவியை வெளியே விடுவதற்கென்றே பாதுகாப்பு வால்வு இருக்கிறது. அதன் துளையை எதையாவது வைத்து அடைத்துத் தரச் சொன்னால் எவ்வளவு கொடுத்தாலும் செய்ய மாட்டார். புது வால்வுக்கு என்னிடம் 30 ரூபாய் வாங்கினார். அந்த 30 ரூபாயில் சிக்கனம் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை என்பது என் எண்ணம்.

கடையின் மூலையில் ஒற்றை அடுப்பு வைத்திருக்கிறார். வேலை முடிந்த குக்கரில் தண்ணீர் ஊற்றி ஏற்றி, வெயிட்டைத் தவிர வேறெங்கும் ஆவி வரவில்லை என்று காட்டுகிறார். அப்படிக் காட்டும்போதுதான் தீயைக் குறைக்கிற கணக்கையும் சொன்னார். அழுத்தம் முழுதாக ஏறிவிட்டால் உள்ளே சூடு சுமார் 120 டிகிரியில் நின்றுவிடும். அதற்கு மேல் தீயைக் கூட்டி வைத்தாலும் சோறு வேகமாக வேகாது, ஆவிதான் வேகமாக வெளியே போகும். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து நேரத்தைப் பார்த்து இறக்குகிறேன். துவரம்பருப்பை அரிசி கழுவுவதற்கு முன்பே ஊறப் போட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் சிலிண்டர் முன்னைவிடக் கூடுதலாகத் தாக்குப் பிடிக்கிறது. சமைத்து முடித்ததும் கேஸ்கட்டை மூடியிலேயே விட்டுவைக்காமல் கழற்றிக் கழுவி ஆணியில் மாட்டிவிடுங்கள். விசில் குழாயில் பருப்பு அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதும் தினசரி வேலையாக இருக்கட்டும்.

அடுப்பின் தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரியானால் பர்னரைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், துளைகளைச் சுத்தம் செய்து தருவார். ஆனால் ரப்பர் குழாயையும் ரெகுலேட்டரையும் அவர் தொடுவதில்லை. அது எரிவாயு முகவரின் வேலை, அங்கே போங்கள் என்று சொல்லிவிடுகிறார். குழாயில் தேதி அச்சடித்திருக்கும், 5 ஆண்டில் மாற்றிவிட வேண்டும். வாளித் தண்ணீரில் போட்டுச் சுட வைக்கிற ராடையும் அவர் பழுது பார்ப்பதில்லை. உயிர் போகிற பொருளில் ஒட்டு வேலை கூடாது, ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்துப் புதிதாக வாங்குங்கள் என்பார். வேலையே வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிற இந்தக் குணத்துக்காகவே அவர் சொல்கிற மற்றதையும் நம்பலாம்.

மின்விசிறிக்கு வருகிறேன். கத்திரி வெயிலில் வேலூர் எப்படிக் காயும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 40 டிகிரிக்கு மேல் போகிற நாளில் மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் வீடே எரிச்சலாகிவிடும். சுற்றுகிற வேகம் குறைந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம் கண்டென்சர். மேல் மூடிக்குள் இருக்கிற, கட்டை விரல் பருமன் உள்ள டப்பி. 2.5 என்று போட்டிருக்கும். நாளடைவில் அதன் சக்தி குறைந்துவிடும். கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றத் தொடங்குகிறது என்றாலும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். 60 ரூபாயில் காற்று பழையபடி வந்துவிட்டது. கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங். அது கூடுதல் வேலை, கூடுதல் காசு.

மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுருள், அதாவது காயில், எரிந்துபோன விசிறியைக் கொண்டு போனால் பாய் ஒரு கேள்வி கேட்பார்: "இது எந்த அறையில் ஓடுகிறது?" எப்போதாவது விருந்தாளி படுக்கிற அறை என்றால் காயில் கட்டித் தருகிறேன் என்பார். கூடத்தில் பகலும் இரவும் ஓடுகிறது என்றால் கட்டாதீர்கள் என்பார். இதில்தான் அவர் கணக்கு எனக்குப் பிடித்தது. பழைய விசிறி சுமார் 75 வாட் எடுக்கிறது. இப்போது வருகிற பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) விசிறி சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் பழையதுக்கு 1.2 யூனிட், புதியதுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு. இரண்டு மாத பில்லில் ஒரே விசிறியால் 40 யூனிட்டுக்கு மேல் குறையும். நம் ஊரில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைத்த குறைந்த விலையும் கைவிட்டுப் போகிறது. கோடையில் 520, 530 என்று நிற்கிற வீட்டுக்கு அந்த 40 யூனிட் எவ்வளவு பெரிது என்று பில்லை எடுத்துப் பாருங்கள். 2023 முதல் மின்விசிறிக்கும் நட்சத்திரக் குறி கட்டாயமாகிவிட்டது, அதைப் பார்த்து வாங்கலாம். பி.எல்.டி.சி. விசிறியின் மின்னணுப் பலகை பழுதானால் பாயால் ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேட்டு, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பழைய பெட்டி போன்ற ரெகுலேட்டர் இன்னும் சுவரில் இருந்தால், வேகத்தைக் குறைத்தாலும் மின்சாரம் அவ்வளவாகக் குறையாது. மிச்சமாக வேண்டியதில் பெரும்பகுதி அந்தப் பெட்டியிலேயே சூடாகப் போய்விடும். அதையும் மாற்றிவிடுங்கள்.

கிரைண்டர் வரிசை தனி உலகம். 2011-ல் அரசு தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்த பொருள்கள் இந்தக் கடைக்கு இன்னும் வருகின்றன. இலவசமாக வந்ததுதானே என்று பரணில் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர். எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டி அந்தக் கிரைண்டரை வைத்தே தெருவுக்கு இட்லி மாவு விற்று, மாதம் தவறாமல் என்னிடம் ஆர்.டி. கட்டுகிறார். அவருக்கு பாய் செய்தது பெல்ட் மாற்றியது, கல் வழவழப்பாகிவிட்டதால் கொத்திக் கொடுத்தது, அவ்வளவுதான். அம்மி கொத்துகிறவர்கள் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போன காலம் போய்விட்டது, கல் மட்டும் அப்படியே தேய்கிறது. கொத்திய பிறகு முதலில் ஒரு கை அரிசியைப் போட்டு அரைத்து, அந்த மாவைக் கொட்டிவிடச் சொன்னார். இல்லாவிட்டால் இட்லியில் கல் நெறுநெறுக்கும். ஓடவே ஓடாத பழைய கிரைண்டரையும் மிக்சியையும் பாய் விலைக்கு எடுத்துக்கொள்கிறார். கம்பெனி நிறுத்திவிட்ட மாடலுக்கு உதிரி பாகம் அதிலிருந்துதான் கிடைக்கிறது. பரணில் இருப்பதை இறக்குங்கள், அது யாரோ ஒருவர் வீட்டு மிக்சிக்கு உயிர் கொடுக்கும்.

இஸ்திரிப் பெட்டிக்கு வயர் மாற்றித் தருகிறார். அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ரசீது கிடையாது. நோட்டில் நம் பெயரை எழுதி, பொருளின் மேல் சாக்பீஸால் எண் போடுகிறார், அவ்வளவே. செய்த வேலைக்கு உத்தரவாதம் வாய்ச் சொல்தான். மறுபடி அதே கோளாறு வந்தால் காசு வாங்காமல் பார்க்கிறார் என்பது உண்மை, ஆனால் எழுத்தில் எதுவும் இல்லை. நாளைக்கு என்றால் நாளை மறுநாள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். பங்குனி, சித்திரையில் விசிறி வேலை குவிந்து ஒரு வாரம் கூட ஆகிறது. நோன்பு மாதத்தில் சாயங்காலம் கடை சீக்கிரம் சாத்திவிடும். செல்பேசியில் கூப்பிட்டால் எடுக்கவே மாட்டார், கை கிரீஸாக இருக்கும்.

இன்னொன்று முக்கியமானது. உதிரி பாகத்தில் கம்பெனிப் பொருள், உள்ளூர்ப் பொருள் என்று இரண்டு ரகம் வைத்திருக்கிறார். குக்கருக்குக் கட்டாயம் கம்பெனிப் பொருள்தான் போடுகிறார். கப்ளர், பெல்ட் போன்றவற்றில் நாம் கேட்காவிட்டால் உள்ளூர்ப் பொருளைப் போட்டுவிடுகிறார். கேட்டால் மறைக்காமல் இரண்டு விலையும் சொல்கிறார். கேட்காமலே சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். அவரிடமே இதைச் சொன்னேன். எல்லோரும் குறைந்த விலையைத்தான் கேட்கிறார்கள் அம்மா என்றார். அது எனக்குப் போதுமான பதிலாகப் படவில்லை. பெல்ட் சீக்கிரம் அறுந்தால் மறுபடி கடைக்கு நடப்பது நாம்தானே.

உத்தரவாதக் காலம் முடியாத பொருளை இங்கே கொண்டுபோகாதீர்கள். வெளியாள் பிரித்தால் கம்பெனி உத்தரவாதம் போய்விடும். காலம் முடிந்த பிறகு என்றால் என் ஓட்டு பாய்க்குத்தான். என் பெரிய மிக்சியில் தீப்பொறி தெரிந்தபோது முதலில் ஒரு சேவை மையத்துக்குத்தான் எடுத்துச் சென்றேன். பார்ப்பதற்கே கட்டணம் வாங்கிக்கொண்டு, மோட்டாரையே மாற்ற வேண்டும், அதற்குப் புதியதே வாங்கிவிடலாம் என்றார்கள். பாய் இரண்டு திருகைக் கழற்றி, மோட்டாரின் சுற்றுகிற பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கிற, தேய்ந்து மொட்டையாகிப்போன கார்பன் பிரஷ்ஷை என் உள்ளங்கையில் வைத்தார். சாக்பீஸ் துண்டைவிடச் சின்னது. புது ஜோடி போட்டு, உள்ளே சேர்ந்திருந்த கரித் தூளை ஊதித் துடைத்து, 120 ரூபாய் வாங்கினார். அந்த மிக்சியில்தான் இன்று காலை வேர்க்கடலைச் சட்னி அரைத்தேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலை பத்தரை மணிக்குத் திறக்கிறார், இரவு எட்டு வரை இருப்பார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார், மூன்று மணிக்கு மேல் போங்கள். ஞாயிறு அரை நாள். குக்கரை மூடி, வெயிட், கேஸ்கட் எல்லாவற்றோடும் கொண்டுபோக வேண்டும். மூடியை மட்டும் தூக்கிப் போனால் திரும்பி வர வேண்டியதுதான். மிக்சி என்றால் எந்த ஜாரில் கோளாறோ அந்த ஜாரையும் கழுவித் துடைத்து எடுத்துச் செல்லுங்கள். மேல் விசிறியைக் கழற்ற அவர் வீட்டுக்கு வருவதில்லை, எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றி இறக்கிக் கொண்டுபோக வேண்டும். லாங்கு பஜாரில் காலையில் காய்கறி வண்டிகளும் லோடு ஆட்டோக்களும் நெருக்கும், கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது; மதியம் இரண்டு மணிக்குப் போனால் ஆட்டோ சந்து முனை வரை வரும். விசிறி வேலை இருப்பவர்கள் மாசியிலேயே கொடுத்துவிடுங்கள்.